ஒரே நூலில் ஒரு மயில்

தங்கத்தாயிடம் யாராவது பூவேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவளுடைய வலது கை தானாக முந்தானைக்குள் போய்விடும். ரவிக்கைக் கையில் கொடி நன்றாக வந்திருக்கிறது என்று எதிராளி சொல்லி முடிப்பதற்குள் விரல்கள் மறைந்துவிடும். பல வருஷமாக இதைப் பார்த்துவந்த தென்காசிப் பெண்கள் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கூச்சத்துல கையை உள்ள இழுத்துக்கிடுதா பாரு" என்று தங்கள் மருமகள்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மருமகள்களுக்குத் தங்கத்தாயைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அது அடக்கமில்லை. அந்த விரல்களில் ஓர் ஊசிக்குத்துகூடக் கிடையாது. ஆரி ஊசி பிடிக்கிறவளின் விரல் நுனி எப்படிப் பொத்தல் பொத்தலாக இருக்கும் என்று தெரிந்த யாராவது அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். தங்கத்தாய்க்குத் தெரிந்த தையல், கிழிந்த பாவாடையை இழுத்துப் பிடிப்பதுதான். பாசியும் சமிக்கியும் வைத்துப் பூவேலை செய்தது அவள் புருஷன் இசக்கிப்பாண்டி.

இதை வெளியே சொல்ல முடியாது. இசக்கிப்பாண்டி பிறந்த குடும்பம் அப்படி. அங்கே ஆண்பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன்னால் நீளம் பார்ப்பார்கள். போலீஸுக்கா, பட்டாளத்துக்கா என்று தொட்டிலிலேயே முடிவாகிவிடும். வீட்டுக்கு வீடு ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்கும். இசக்கிப்பாண்டியின் அண்ணன் செல்லச்சாமி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை ஏட்டையா என்றது. அவரும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்பதை விடவில்லை.

இசக்கிப்பாண்டி பட்டாளத்துக்குப் போனான். கிருதா மீசையும் லேசான நொண்டலுமாகத் திரும்பி வந்தான். எல்லையில் குண்டு பாய்ந்தது என்று ஏட்டையா ஊருக்குச் சொன்னார். உண்மையில் பாய்ந்தது உருளைக்கிழங்கு மூட்டை. வடக்கே பரேலியில் ரேஷன் லாரியிலிருந்து மூட்டை சரிந்து கால் மேல் விழுந்தது. எலும்பு கூடும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். அவன் தங்கியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு பூவேலைச் சட்டம். கட்டில் மாதிரி ஒரு மரச் சட்டம். அதில் துணியை மத்தளத் தோல்போல விறைப்பாக இழுத்துக் கட்டி, இருபக்கமும் ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முனையில் சின்னக் கொக்கி வைத்த ஆரி ஊசியால் மேலிருந்து குத்திக் கீழிருந்து நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாடியும் மீசையுமான கிழவர்கள் கல்யாணப் பெண்ணின் பாவாடைக்கு மணி வைத்தார்கள். அங்கே அது ஆண்பிள்ளை வேலை. ரயில் தென்காசி வந்து சேர்வதற்குள் அது பெண்பிள்ளை வேலையாக மாறிவிட்டது. எந்த ஸ்டேஷனில் மாறியது என்று இசக்கிப்பாண்டிக்குத் தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் தங்கத்தாய் அவனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பட்டாளத்தான் பெட்டியில் ஒரு தோட்டாவாவது இருக்கும் என்று நினைத்தாள். சிகரெட் டின்கள் இருந்தன. ஒரு டின்னில் தங்க நிறச் சமிக்கி, நடுவில் துளை போட்ட மெல்லிய வட்டங்கள். இன்னொன்றில் கண்ணாடிப் பாசி. இன்னொன்றில் குழல்பாசி. அவள் அந்த டின்னை அவன் முன் கொண்டுபோய் நீட்டினாள்.

"இது எவளுக்கு வாங்குனது?"

"எனக்குத்தான்."

"ஒங்களுக்கா? எங்கன போடுவீக, மூக்குலயா காதுலயா?"

அவன் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டில் சட்டத்தின் மூலையில் கைக்குட்டையை இழுத்துக் கட்டி ஒரு மொட்டு போட்டுக் காட்டினான். ஊசி கீழே போகும்போது வெறுமனே போய், மேலே வரும்போது ஒரு கண்ணியோடு வந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பாசி உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்து மினுங்கியது. தங்கத்தாய் பாசியைக் கொஞ்ச நேரமும் அவன் முகத்தைக் கொஞ்ச நேரமும் பார்த்தாள். கறிக்குழம்பு ஊற்றும்போதுகூட அந்த முகம் இப்படி இருந்ததில்லை.

"அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா சட்டத்தை அடுப்புல வச்சிருவாக" என்றான் அவன். "அப்புறம் என்னையும் வப்பாக."

வாசுதேவநல்லூரில் நாத்தனார் மகள் கல்யாணம் வந்தது. தங்கத்தாய்க்கு ஒரு பச்சை ரவிக்கையில் கழுத்தைச் சுற்றியும் கை ஓரத்திலும் கொடி போட்டுக் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டு போய்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் நின்றாள். வேண்டுமென்று நிற்கவில்லை, அவளுக்கு அங்கேதான் இடம் கிடைத்தது, கொசு அதிகம் என்பதால். விளக்கு வெளிச்சம் பாசியில் பட்டதும் மணமேடையைப் பார்த்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணொருத்தி பக்கத்தில் வந்து கையைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு போட்டது?"

ஏட்டையா ரசவாளியோடு அங்கேயே நின்றார். இசக்கிப்பாண்டி பந்தியில் உட்கார்ந்து, வாழையிலையின் நடுநரம்பை இதுவரை பார்த்தே இராதவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாந்தான்" என்றாள் தங்கத்தாய்.

அதுவரை அவளுக்குப் பெயர் நொண்டிப் பட்டாளத்தான் பொண்டாட்டி. பந்தியில் அவளுக்குத் தூண் மறைவில் இலை போடுவார்கள். ரசம் வரும்போது சோறு இருக்காது, சோறு வரும்போது ரசம் போய்விட்டிருக்கும். அன்றைக்கு ராத்திரியே "ஏ தங்கம், அங்கன என்ன செய்யுத, இங்கன வந்து உக்காரு" என்று பாயில் இடம் விட்டார்கள். பெயர் என்கிற ஒன்று தனக்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது அன்றுதான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. காலைக் கஞ்சி குடித்ததும் இசக்கிப்பாண்டி உள்ளறைக்குப் போவான், கதவு சாத்தப்படும். யாராவது கேட்டால், "கால் வலி, படுத்திருக்காக." மதியத்துக்கு மேல் தங்கத்தாய் முடிந்த ரவிக்கைகளை மடித்துக்கொண்டு வெளியே வருவாள். ஊர் இதை வைத்துத் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டது. பாவம் அவள் கண் பூக்கப் பூவேலை செய்கிறாள், அவன் பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். ஏட்டையா வாரம் தவறாமல் வந்து சாத்திய கதவைப் பார்த்துத் திட்டினார்.

"ஏலே, பொண்டாட்டி சம்பாத்தியத்துல தூங்குத ஆம்பள நம்ம வம்சத்துல பொறந்ததில்லலே. அவ கையைப் பாத்தியாலே, தேஞ்சு போச்சு."

உள்ளேயிருந்து ஒரு உறுமல் வரும். டொக் டொக்கென்று ஊசி துணியில் இறங்குகிற சத்தமும் கூடவே வரும். ஏட்டையா அதைப் பல்லி என்று நினைத்துக்கொள்வார். திருடனைக் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்தவர் என்று அவருக்கு டிப்பார்ட்மெண்டில் பெயர் இருந்தது.

பாசியும் சமிக்கியும் வாங்குவதுதான் சிரமம். வளையல் கடை முகம்மது மீரானுக்கு மட்டும் விஷயம் தெரியும். இசக்கிப்பாண்டி கோட்டு போட்டு, கைத்தடி ஊன்றி, தெருவின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைவான்.

"சாராயம் வாங்குதவன்கூட இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்க மாட்டான் அண்ணாச்சி" என்பார் மீரான். "ரோஸ் கலர்ல வந்திருக்கு. புகையிலை மாதிரி கட்டித் தாரேன், கொண்டு போங்க."

தங்கத்தாய் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. இசக்கிப்பாண்டிக்குப் பெண்களைத் தெரியாது. துணியைத்தான் தெரியும். யாருக்கு என்ன போட வேண்டும் என்று சொன்னது அவள். பேசத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள். பேசாத நேரத்திலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குப்பிள்ளை பொண்டாட்டி சன்னதியில எப்பவும் முன்னாலதான் நிப்பா. பின்னால இருக்கவதான் அவளைப் பாக்கணும். அதனால முதுகுல போடுங்க" என்பாள். "அந்தப் பெரிய வீட்டு மருமகளுக்குக் கழுத்துல போடாதீங்க, சங்கிலியை அடகு வச்சிருக்கா, எல்லாரும் கழுத்தைப் பாத்தா அவளுக்குக் கஷ்டம். கையில போடுங்க." "இவளுக்குச் சின்னதாப் போதும். சிக்கனம்னு காட்டிக்கிடணும், ஆனா அடுத்தவ பாக்கவும் செய்யணும். இருட்டுக் கலர்ல இருட்டுப் பாசி போடுங்க. கிட்ட வந்தாத்தான் தெரியும். கிட்ட வந்து பாத்தவ வெளியில சொல்லுவா."

அவன் தலையை ஆட்டிவிட்டு அப்படியே போடுவான். போட்டுக்கொண்ட பெண்களுக்கு அந்த ரவிக்கை தங்களை அறிந்து வந்ததுபோல இருந்தது. பூவேலையின் மயக்கம் பாதி அதில்தான். மீதி மயக்கம் காற்றில் இருந்தது. தென்காசிக் கோவில் வாசலில் வருஷம் முழுவதும் ஒரு காற்று அடித்துத் தள்ளும். பிளந்து நின்ற பழைய கோபுரத்தடியில் கால் வைத்ததுமே முந்தானை தோளில் நிற்காது. அந்தக் காற்றைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் திட்டி வந்தார்கள். தங்கத்தாய் பெயர் பரவிய பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் வாசலில் தேவைக்கு மேல் நின்று செருப்பைத் தேடினார்கள். ஆண்கள் கண் கூசுகிறது என்றார்கள். பிறகு தங்கள் வீட்டிலும் கூச வேண்டும் என்று துணி வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள்.

இப்படியே போயிருக்கும். கீழப்பாவூர் ரைஸ்மில் முதலாளியின் மனைவி ஆவுடையம்மாள் நடுவில் வந்தாள். சீசனுக்குச் சீசன் அவர்கள் குற்றாலத்தில் பங்களா எடுத்து ஒரு மாசம் தங்குவார்கள். அருவியில் குளிக்க வந்தவர்கள் பகலில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் மாலையில் செய்ய ஒன்றும் இருக்காது. ஆகவே பங்களாக்காரிகளுக்குள் ஒரு போட்டி நடக்கும். தங்கத்தாய் வீட்டு வாசலில் ஆவுடையம்மாள் காரிலிருந்து இறங்காமலே விஷயத்தைச் சொன்னாள்.

"போன வருசம் பக்கத்துப் பங்களாக்காரி ஒரு மந்திரவாதியக் கூட்டியாந்து தொப்பிக்குள்ள இருந்து முயல் எடுக்க வச்சா. இன்னும் அதையே சொல்லிக்கிட்டிருக்கா. இந்த வருசம் நான் ஒன்னைய உக்கார வச்சு எல்லாருக்கும் பூவேலை காட்டப் போறேன். ஏட்டையா சரின்னுட்டாக."

தங்கத்தாய் வாயைத் திறப்பதற்குள் கார் போய்விட்டது. ஏட்டையா சரி என்று சொன்னதில் ஆச்சரியமில்லை. பங்களாவில் மட்டன் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"போகலன்னா?" என்றாள் உள்ளே வந்து.

"போகலன்னா ஏன் போகலன்னு அண்ணாச்சி விசாரிப்பாக. விசாரிச்சா விட மாட்டாக" என்றான் இசக்கிப்பாண்டி.

"போனா?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செய்யுத மாதிரி இருந்தாப் போதும்."

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஊதாப் பட்டில் ஒரு மயிலை வீட்டிலேயே முக்கால்வாசிக்கு மேல் முடித்துவிடுவது. தோகையில் கடைசிக் கண்ணை மட்டும் விட்டு, நூலை அறுக்காமல், கடைசிக் கண்ணியில் ஒரு குண்டூசி குத்தி வைப்பது. தங்கத்தாய் சட்டத்தின் முன் உட்கார்ந்து, குண்டூசியை எடுத்துவிட்டு, ஆரியால் நாலு குத்துக் குத்தி, கண்ணை வலிக்கிறது என்று எழுந்துவிட வேண்டும். எழுந்த பிறகு அவன் சட்டத்தைச் சுருட்டுகிற சாக்கில் முடிச்சைப் போட்டுவிடுவான்.

வழி நல்ல வழிதான். அவனுடைய பெருமைதான் அதைக் கெடுத்தது. எத்தனையோ ரவிக்கை போட்டும் தன் பெயரைச் சொல்ல முடியாதவன். முதல்முறையாகப் பத்துப் பேர் கூடிப் பார்க்கப் போகிறார்கள் என்றதும் தலைப்பாகம், உடம்பு, தோகை எல்லாவற்றையும் நூலை எங்கும் அறுக்காமல் ஒரே நூலில் போட்டான். பரேலியில் கைதேர்ந்த கிழவர்கள் மட்டும் அப்படிச் செய்வார்களாம். யாருக்குத் தெரியப் போகிறது என்று தங்கத்தாய் கேட்டாள். "துணிக்குத் தெரியும்" என்றான்.

ஆரித் தையல் சங்கிலித் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி. கடைசிக் கண்ணியைப் பூட்டிவிட்டால் இழுத்தாலும் அசையாது. பூட்டாமல் அடியிலிருந்து நூலை இழுத்தால் ஒன்றையொன்று விட்டுக்கொண்டே போகும். அவன் இதைச் சொல்லித்தான் கூட்டிப்போனான். குதிரைவண்டியில் போகும்போது தங்கத்தாய்க்கு அது ஞாபகம் இருந்தது. சாரலில் நனைந்து பங்களா படியேறும்போதும் இருந்தது. கூடத்தில் பட்டும் வைரத்தோடுமாகப் பெண்கள் மாங்கோஸ்தான் உரித்துக்கொண்டு, முயலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் மறந்துவிட்டது.

சட்டத்தை விரித்து வைத்தார்கள். மயிலைப் பார்த்ததும் மாங்கோஸ்தான் உரிப்பது நின்றது. தங்கத்தாய் குனிந்து உட்கார்ந்து குண்டூசியை எடுத்தாள். இடது கையைச் சட்டத்துக்கடியில் விட்டு நூலைப் பிடித்தாள். வலது கையால் ஆரியைக் குத்தினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"கையே தெரியலட்டி" என்றாள் ஆவுடையம்மாள். "பின்னால இருக்கவுகளுக்கும் தெரியுத மாதிரி கொஞ்சம் பெருசா இழுத்துக் காட்டு."

தங்கத்தாய் பெரிதாக இழுத்தாள்.

தோகையில் கடைசியாகப் போட்டிருந்த கண் மெல்ல அவிழ்ந்தது. பாசிகள் துணிமேல் உருண்டன. பயந்துபோய் இன்னும் இழுத்தாள். அடுத்த கண் போயிற்று. நூல் நிற்காமல் வந்தது. இழுப்பதை நிறுத்தினால் அவளுக்கு வேலை தெரியாது என்பது தெரிந்துவிடும். இழுத்தால் மயில் போய்விடும். இரண்டில் எது மேல் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. கை இழுத்துக்கொண்டே இருந்தது. தோகை முழுவதும் அவிழ்ந்து, மயில் பார்ப்பதற்குக் கோழியாகிவிட்டது.

கூடத்தில் கைதட்டினார்கள்.

"பாத்தியளா, எப்படிப் பிரிச்சுக் காட்டுதா. முயலு என்ன முயலு" என்றாள் ஆவுடையம்மாள். "சரிட்டி, இப்பத் திருப்பிப் போட்டுக் காட்டு."

இசக்கிப்பாண்டி தாழ்வாரத்தில் நின்றான். அங்கேதான் ஏட்டையா மில் முதலாளிக்கு எல்லையில் குண்டு பாய்ந்த விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கதையையும் கேட்கவில்லை, கைதட்டலையும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக மயிலைப் பார்த்தான். பிறகு நொண்டி நொண்டிக் கூடத்துக்குள் வந்தான்.

"விடுட்டி" என்றான். "நூலை விடு. தள்ளு."

"வேண்டாங்க" என்றாள் தங்கத்தாய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எல்லாரும் இருக்காக. என் பேரு போயிரும்."

"உடம்பும் போயிரும்ட்டி, தலை மட்டுந்தான் மிஞ்சும். தள்ளு."

அவள் நகர்ந்தாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீசையை ஒதுக்கிவிட்டு ஊசியை எடுத்தான். டொக் டொக்கென்று சத்தம் வந்தது. சிதறிய பாசிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. முதலில் ஒருத்தி எழுந்து பக்கத்தில் வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். சட்டத்தைச் சுற்றி நின்று மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். யாரும் தங்கத்தாயைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது அவமானத்தைவிட மோசமாக இருந்தது.

மில் முதலாளி வாசலில் வந்து நின்றார். "என்ன ஏட்டையா, குண்டடி பட்ட தம்பி சாக்கெட்டுக்குப் பூப் போடுதாரே."

ஏட்டையா தம்பியைப் பார்த்தார். பல்லிச் சத்தம் எங்கேயிருந்து வந்தது என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர்; கேள்வி வந்ததும் உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லை.

"சாக்கெட்டா?" என்றார். "ஆபீசர் தோள்ல கெடக்குத பட்டை, தொப்பியில நிக்குத சிங்கம், இதெல்லாம் யாரு போடுதான்னு நெனச்சீரு? டெய்லரா? பட்டாளத்துல இதுக்குன்னு ஆள் பொறுக்குவான். பக்கத்துல குண்டு விழுந்தாலும் கை நடுங்கப்படாது. நூத்துல ஒருத்தன்தான் தேறுவான். ரகசிய வேலை, அதான் இம்புட்டு நாளா நான் வெளியில சொல்லல."

மில் முதலாளி மரியாதையாகத் தலையாட்டினார். பரேலிக்கும் தென்காசிக்கும் நடுவே எங்கேயோ பெண்பிள்ளை வேலையாகிப் போனது, பங்களாத் தாழ்வாரத்தில் ஒரு நிமிஷத்தில் மறுபடியும் ஆண்பிள்ளை வேலையாகிவிட்டது.

அடுத்த மாசமே வீட்டு முன்னால் பலகை ஏறியது: மிலிட்டரி பூவேலை, இசக்கிப்பாண்டி. ஏட்டையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணி கொண்டுவந்த பெண்களை, பேர் என்ன, ஊர் என்ன, புருஷன் என்ன வேலை என்று விசாரித்தார். சொந்தக்காரப் போலீஸ்காரர்கள் வந்து பெல்ட்டில் சிங்கம் கேட்டார்கள். சட்டப்படி கூடாது என்று ஏட்டையா மறுத்தார். தன் பெல்ட்டுக்கு மட்டும் உட்பக்கத்தில் ஒரு சிங்கம் போட்டுக்கொண்டார்.

தங்கத்தாய்க்குக் கள்ளி என்று பெயர் வந்தது. ஆவுடையம்மாள் தனக்கு முதலிலேயே தெரியும் என்று சொன்னாள். அடுத்த கல்யாணத்தில் தூண் மறைவில் இலை போட்டார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்து, சோறில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தாள்.

பார்க்க நிறைய இருந்தது. இசக்கிப்பாண்டியைத் தனியே விட்டால் மயிலைத் தவிர வேறொன்றும் போட மாட்டான். கேட்டவர்களுக்கெல்லாம் மயில், எல்லாம் ஒரே நூலில். மாப்பிள்ளையின் அத்தைக்கு ஒரு மயில், சித்திக்கு ஒரு மயில், இருவருக்கும் ஆகாத பெரியம்மாவுக்கும் அதே மயில். பெட்ரோமாக்ஸ் அடியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு மூலைக்குப் போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அன்று தாலி கட்டியதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த அத்தை பின்வாசல் வழியாக வந்தாள்.

"ஏ தங்கம், ஒன்னைய கள்ளின்னு சொன்னது நானில்ல. நாத்தனாதான் சொன்னா. ஒங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி எனக்கு வேற ஏதாவது போடச் சொல்லேன்."

தங்கத்தாய் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இந்த முறை அவசரப்படவில்லை.

"ஒங்களுக்கு மாங்காய் எடுக்கும்" என்றாள். "முழங்கைக்கு மேல. கையை நீட்டி நீட்டித்தான நீங்க பேசுவீக."

இப்போது அறுபத்தேழாம் வருஷம். முன்வாசலில் ஏட்டையா துணியை வாங்கி விசாரிக்கிறார். பின்வாசலில் பெண்கள் தங்கத்தாயிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இசக்கிப்பாண்டி உள்ளறைக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்கிறான். பின்வாசலில் சொன்னதைத்தான் போடுகிறான். பலகையில் அவன் பெயர் இருக்கிறது. ரவிக்கை யார் வேலை என்று யாராவது கேட்டால் ஊரில் தங்கத்தாய் வேலை என்றுதான் சொல்லுகிறார்கள். தங்கத்தாய்க்கு இன்றுவரை ஆரி பிடிக்கத் தெரியாது.